ஒத்தச் சிகரெட்டின் விலை

விருதுநகர்ச் சீமையில் பிறந்தவனுக்கு வரியைப் பற்றி ஏட்டில் படிக்கவேண்டிய தேவை இருந்ததில்லை. சிவகாசியிலும் சாத்தூரிலும் நாங்கள் வளர்ந்த காலத்தில், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்து முடித்த ஒவ்வொரு பெட்டியின் மேலும் கலால் வரி கட்டியதற்கு அடையாளமாகப் 'பேண்ட்ரோல்' சீட்டு ஒட்டியாகவேண்டும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டி வாசலைத் தாண்டக் கூடாது. கணக்குப்பிள்ளையின் மேசையில் பசைக் கிண்ணத்தை விடப் பத்திரமாக இருந்தது பேண்ட்ரோல் கட்டுதான். குரோஸுக்கு 144 பெட்டி என்றால் 144 சீட்டு. ஒன்று குறைந்தாலும் அன்றைக்குக் கணக்கு முடியாது. அந்தக் கணக்கைப் பல ஆண்டு எழுதியவன் என்ற உரிமையில்தான், பிள்ளைகளே, சிகரெட் வரியைப் பற்றி உங்களிடம் நாலு வார்த்தை பேச வருகிறேன்.

1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அதுவே சோறு போட்டது. எதிரே நின்றதோ சுவீடன் நாட்டு முதலீட்டில் இயந்திரம் கொண்டு நடந்த விம்கோ கம்பெனி. சென்னையில் இன்றைக்கும் விம்கோ நகர் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அதே விம்கோ. கையால் செய்கிறவன் அந்த யானையோடு எப்படி மோதுவது? 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பின்னாளில் அரசு ஆலைகளைத் தரம் பிரித்து, இயந்திரத்தில் பெருவாரியாகச் செய்பவனுக்குக் கூடுதல் வரி, கையால் குறைவாகச் செய்பவனுக்குச் சலுகை வரி என்று வைத்தது. அந்தச் சில காசு வித்தியாசத்தில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரமே நிமிர்ந்தது.

அதே சலுகை இன்னொன்றையும் செய்தது. சின்ன ஆபீஸுக்குத்தான் வரி குறைவு என்று தெரிந்தவுடன், பெரிய ஆபீஸ்கள் சின்னச் சின்ன ஆபீஸ்களாகப் பிரிந்தன. தொழில் அதுவேதான், பெயர்ப்பலகைகள் மட்டும் பெருகின. நல்லதென்றோ கெட்டதென்றோ தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. வரியில் ஒரு படி வைத்தால், மனிதர்கள் எல்லோரும் கீழ்ப்படியில் போய் உட்காருவார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

சிகரெட்டுக்கு நம் நாட்டில் நீளத்தைப் பார்த்து வரி. எத்தனை மில்லிமீட்டர், ஃபில்டர் உண்டா இல்லையா என்று அளந்து, ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று விதிப்பார்கள். 2012இல் 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஃபில்டர் சிகரெட்டுக்குக் குறைந்த வரியில் தனிப் படி ஒன்று வைத்தார்கள். உடனே 64 மில்லிமீட்டர் நீளத்தில் புதிய சிகரெட்டுகள் கடைக்கு வந்தன. செய்தியைப் படித்து நான் சிரித்துக்கொண்டேன். எங்கள் ஊர் ஆபீஸ்காரர்கள் செய்த அதே வேலையை, கோட்டு போட்ட கம்பெனிகள் ஒரு மில்லிமீட்டரில் செய்துவிட்டன.

இப்போது 2026 பிப்ரவரி 1 முதல் புதிய வரி நடைமுறைக்கு வந்திருக்கிறது. சிகரெட்டுக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, அதற்குமேல் நீளத்துக்கேற்ப ஆயிரம் குச்சிக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி. டீக்கடைகளில் இதுதான் பேச்சு. "வரியைக் கூட்டினா குடிக்கிறவன் விட்டுருவானா? கடன் வாங்கியாவது குடிப்பான்" என்கிறார்கள். பாதி உண்மைதான். முப்பது வருஷம் குடித்தவன் மூன்று ரூபாய் ஏறியதற்காக விடமாட்டான். ஆனால் அவன் இந்த வரிக்கு முதல் இலக்கே இல்லை. இன்னும் தொடங்காதவனும், தொடங்கி ஆறு மாதம் ஆனவனும்தான் இலக்கு. அதாவது நீங்கள்.

விருதுநகர் பேருந்து நிலையம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் பெட்டிக்கடை இருக்கிறது. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பையன்களில் பாதிப்பேர் அவர் கடை முன்னால்தான் நிற்பார்கள். அவர்கள் பாக்கெட் வாங்கி நான் பார்த்ததில்லை. ஒத்தச் சிகரெட்தான். சில்லறையை நீட்டினால் குச்சி கைக்கு வரும். பெட்டியின் 85 விழுக்காடு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் புற்றுநோய்ப் படம் அண்ணாச்சியின் அலமாரியிலேயே தங்கிவிடும். பயமுறுத்த அச்சடித்த படத்தைப் பயப்படவேண்டிய பிள்ளை பார்ப்பதே இல்லை. வயது அறுபதைத் தாண்டிய அண்ணாச்சி தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பையன் உண்மையில் பார்க்கும் ஒரே எச்சரிக்கை, குச்சியின் விலைதான்.

விலை ஏறியபின் என்ன மாற்றம் என்று அவரிடம் கேட்டேன். "பையங்க ரெண்டு பேரு சேந்து ஒண்ணு வாங்குறாங்க. ரெண்டு மூணு பேரு ஆளே வரல. பெரியாளுங்கதான், 'என்ன அண்ணாச்சி இப்படி'ன்னு என்னைய வையிறாங்க, வாங்கிட்டுப் போறாங்க. கொத்தனார் வேலைக்குப் போறவங்க கொஞ்சப் பேரு பீடிக்கு மாறிட்டாங்க" என்றார். பல நூறு பக்க ஆராய்ச்சி சொல்வதை ஒரு பெட்டிக்கடைக்காரர் நாலு வரியில் சொல்லிவிட்டார். நம்மைப் போன்ற நாடுகளில் விலை பத்து விழுக்காடு ஏறினால் நுகர்வு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குறைவதில் பெரும்பங்கு இளையவர்களும் ஏழைகளும். சொந்தச் சம்பாத்தியம் இல்லாதவனுக்கு இரண்டு ரூபாய் பெரிது. பழக்கம் இன்னும் எலும்புக்குள் இறங்காதவனுக்கு விடுவது எளிது.

விலை அசையாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. என் சிறுவயதில் பெட்டிக்கடை வாசலில் தேங்காய் நார்க்கயிறு ஒன்று தொங்கும். அதன் நுனியில் தணல் கனன்றுகொண்டே இருக்கும். பீடி வாங்கியவன் அந்த நுனியை ஊதிப் பற்றவைத்துக்கொண்டு போவான். ஊரெல்லாம் தீப்பெட்டி செய்த சிவகாசியிலும் அந்தக் கயிறு தொங்கியது. ஒரு குச்சியை வீணாக்க அன்றைக்கு யாருக்கும் மனம் வராது. பிறகு 2007இல் தீப்பெட்டி ஒரு ரூபாய் ஆயிற்று. அங்கேயே 14 ஆண்டு நின்றது. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, கூலி எல்லாம் ஏறின. பெட்டி விலை மட்டும் ஏறவில்லை. உற்பத்தியாளர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 2021இல் சிவகாசியில் கூடிப் பேசி, அந்த டிசம்பர் முதல் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். அந்த 14 ஆண்டில் நடந்ததைக் கவனியுங்கள். சம்பளம் ஏறியது, ஒரு ரூபாய் அப்படியே நின்றது. தீக்குச்சிக்கு மரியாதை போயிற்று. ஒரு அடுப்புக்கு மூன்று குச்சி உரசினாலும் யாரும் கேட்பதில்லை.

சிகரெட்டுக்கும் இதுவே நடந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் 2020இலும் 2023இலும் ஏதோ கொஞ்சம் கூட்டினார்கள், அவ்வளவுதான். வருமானம் வேகமாக ஏறி, வரி மெதுவாக ஏறினால், பெட்டியில் அச்சிட்ட விலை கூடியதாகத் தெரிந்தாலும் பொருள் மலிந்துபோகிறது. ஆகவே ஒரேயடியாக ஒரு வருடம் ஏற்றிவிட்டுப் பத்து வருடம் தூங்குவதில் பயன் இல்லை. வருடந்தோறும் வருமானத்தை விட ஒரு படி முன்னால் வரி போகவேண்டும். நிதியமைச்சர்கள் இதைச் செய்தால் அவர்களைத் திட்டுகிறவர்கள் கூட்டத்தில் நீங்கள் சேராதீர்கள்.

இனி நான் வருந்துகிற இடத்துக்கு வருகிறேன். சிகரெட்டின் வரியை ஏற்றிய அதே நாளில், பீடிக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன்பே, பீடி சுற்றும் இலைக்கு 18இலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். 2016–17இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் சிகரெட் குடிப்பவர்கள் 4 விழுக்காடு, பீடி குடிப்பவர்கள் 7.7 விழுக்காடு. ஏறத்தாழ இரண்டு மடங்கு. சிறிய வாசலைப் பூட்டிவிட்டுப் பெரிய வாசலை இன்னும் அகலமாகத் திறந்துவைத்த கதை இது. அண்ணாச்சி சொன்ன கொத்தனார்கள் எங்கே போனார்கள் என்று இப்போது புரிகிறதா?

பீடி ஏழையின் பொருள், அதில் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் இரக்கம் இருக்கிறது. அதனால் பொறுமையாகவே பதில் சொல்லவேண்டும்.

ராஜபாளையம் தாண்டித் தென்காசிப் பக்கம் போனால், ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர் என்று ஊர் ஊராகப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். மடியில் தட்டு. தட்டில் ஒரு பக்கம் அளவாக வெட்டி நனைத்த இலை, ஒரு பக்கம் தூள், நடுவே நூல்கண்டு. பேசிக்கொண்டே இருப்பார்கள், விரல் தன்பாட்டில் சுற்றி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி அறுத்துவிடும். ஆயிரம் சுற்றினால்தான் கூலிக் கணக்கு. அளவு பிசகியதை ஆகாதென்று தள்ளிவிடுவார்கள். நாள் முழுதும் தூளை மூச்சில் இழுத்து இருமிக்கொண்டே மகளைப் படிக்கவைத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் பொறுமைக்கு முன்னால் நாமெல்லாம் தலைவணங்கவேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். இத்தனை காலம் பீடிக்குச் சலுகை காட்டியதில் அந்தத் திண்ணை மாறியதா? அவர்கள் பெயரைச் சொல்லிக் குறைத்த வரி அவர்கள் தட்டுக்கு வந்துசேர்ந்ததை நான் பார்க்கவில்லை. பீடிக்கும் வரியை ஏற்றி, அந்தப் பணத்தில் அந்தப் பெண்களுக்கு வேறு கைத்தொழிலும் ஓய்வூதியமும் கொடுப்பதே இரக்கம்.

குடிக்கிற ஏழையின் பக்கமும் பார்ப்போம். விருதுநகர் பருப்பு, வத்தல் குடோன்களில் மூட்டை தூக்கிய ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கி ஏணிப்படி ஏறுவார். நாளுக்கு இரண்டு கட்டுப் பீடி. ஐம்பது வயதில் தெருமுனை வரை நடக்க மூன்று இடத்தில் உட்காரவேண்டி வந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போகும் நாளெல்லாம் மனைவிக்கும் வேலை போயிற்று. கையில் பிடித்து உறிஞ்சும் மருந்துக் குழாய்க்கு மாதாமாதம் கடன். அவர் இறந்தபின் அந்தப் பெண் பட்டாசு ஆபீஸுக்குக் குழாய் உருட்டப் போனார். பீடி மலிவாகக் கிடைத்தது அந்தக் குடும்பத்துக்கு யாரோ செய்த உதவியா? மலிவாகக் கொடுத்துவிட்டு, மீதி விலையை மனைவியிடம் வசூலித்தார்கள் என்றே நான் சொல்வேன்.

வெடிவிபத்து எங்கள் மாவட்டத்தின் தீராத துயரம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், சட்டம் கடுமையானது. இறந்தவனின் மனைவிக்கு அரசு ஏதோ ஒரு தொகையாவது கொடுக்கிறது. புகையிலையால் நம் நாட்டில் ஆண்டுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். அந்த மூட்டைத் தொழிலாளியின் மனைவிக்கு எந்தப் பணமும் வரவில்லை. எந்த ஆலையின் மீதும் வழக்கும் இல்லை.

ஆனால் இதே பட்டாசு ஆபீஸ்தான் எனக்கு இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. வாசலில் காவலாளி நிற்பார். தீப்பெட்டி, பீடி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பருத்தித் துணிதான் உடுத்தலாம். மருந்து செலுத்தும் அறைக்குள் நுழையுமுன், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று வாசல் செம்புத்தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே போனவன் மாலையில் வெளியே வரும்வரை ஒரு தம் கிடையாது. அடுத்தடுத்துப் பீடி இழுக்கிற ஆசாமிகள்தான். ஆனாலும் எட்டு மணி நேரம் இருந்துவிடுவார்கள். கை நடுங்குகிறது, தலை வலிக்கிறது என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் வேலை போகும், செய்தால் உயிர் போகும் என்று தெரியும், உடம்பு கட்டுப்பட்டுவிட்டது.

அங்கே போர்மேனாக இருந்த ஒருவர் பீடியை விட்ட விதத்தைச் சொல்கிறேன். ஒருநாள் மாலை வீட்டுக்குப் போகும்போது, காவலாளியிடம் கொடுத்த கட்டைத் திரும்ப வாங்காமல் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று காவலாளி நினைத்தார். அடுத்த நாளும் வாங்கவில்லை. "உள்ள எட்டு மணி நேரம் இருக்க முடியுதுல்ல. வெளியில மிச்ச நேரத்துல பாதி தூங்கப்போறேன். நடுவுல அஞ்சாறு மணி நேரந்தானய்யா" என்றாராம். முதல் வாரம் பொரிகடலையை மென்றுகொண்டே திரிந்தார். வீட்டில் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் சாப்பாடு ருசிக்கிறது என்றார். காவலாளியின் மரப்பெட்டியில் அந்தப் பாதிக் கட்டு, நூல் அவிழாமல், இலை காய்ந்து சுருண்டு, வெகுநாள் கிடந்தது.

இதில் வீரம் ஒன்றும் இல்லை. அவர் பெரிய சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஏற்கனவே ஒரு வாசல் இருந்தது; அதை இன்னும் கொஞ்ச தூரம் நீட்டிக்கொண்டார். பொறுமை என்பது பிறவியில் வருகிற குணம் என்று நினைத்துப் பலர் தங்களைத் தாங்களே மன்னித்துவிடுகிறார்கள். பொறுமைக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். கையெட்டும் தூரத்தில் பீடியை வைத்துக்கொண்டு பொறுத்தவனை நான் கண்டதில்லை. அரசு ஏற்றுகிற விலையும் அப்படியொரு வாசல்தான். உள்ளே போவதா வேண்டாமா என்று பையனை ஒரு நிமிடம் நின்று யோசிக்கவைக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள்.

வாசல் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே என் வாதம். பிலிப்பைன்ஸ் நாட்டில் 2012 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தார்கள். மலிவு சிகரெட்டுக்குக் குறைந்த வரி, உயர்ந்த சிகரெட்டுக்குக் கூடுதல் வரி என்று பல படிகள் இருந்ததை எடுத்துவிட்டு, 2017க்குள் எல்லாப் பெட்டிக்கும் ஒரே வரி என்று கொண்டுவந்தார்கள். மலிவுப் பெட்டிக்கு இரண்டே முக்கால் பெசோவுக்கும் குறைவாக இருந்த வரி, மறுவருடமே 12 பெசோ, 2017இல் 30. வந்த பணத்தில் பெரும்பங்கு ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் போயிற்று. 2009இல் 29.7 விழுக்காடாக இருந்த புகையிலைப் பழக்கம் 2015இல் 23.8 ஆயிற்று. கீழ்ப்படியே இல்லாதபோது எங்கே போய் உட்காருவது?

பக்கத்து இலங்கையில் மறுபாடம் இருக்கிறது. அங்கே சிகரெட் விலை நம்மைவிடக் கடுமை. விளைவாக ஏழைகள் பீடிக்குத் திரும்பினார்கள். பீடி இலை அங்கே விளைவதில்லை, இறக்குமதித் தீர்வையும் அதிகம். ஆகவே தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து படகில் கடத்துகிறார்கள். மூட்டை மூட்டையாகப் பீடி இலை பிடிபட்டது என்ற செய்தியை நாளிதழில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். வரி ஏற்றினால் கடத்தல் வரும் என்று கம்பெனிகள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கு மருந்து கடற்கரையைக் காப்பது. கடத்தல்காரனுக்குப் பயந்து விலையைக் குறைப்பது அல்ல. நகை திருடு போகிறதென்று தங்கத்தை யாரும் தகர விலைக்கு விற்பதில்லை.

வரி வருமானத்தின் மேல் அரசுக்கு ஏற்படும் ஆசையைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாளன் அல்ல. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, சாராய வருமானம் போய் அரசின் பெட்டியில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939இல் விற்பனை வரி என்ற புதிய வரியையே உண்டாக்கினார். கெட்ட வருமானத்தை விட்டு, அந்தக் கஷ்டத்தைத் தாங்கி, நல்ல வருமானத்தைத் தேடிய அரசு ஒன்று இங்கே இருந்தது. அதே மாநிலத்தில் இன்று டாஸ்மாக் மூலம் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தப் பணமின்றி நிதிநிலை அறிக்கை நடக்காது என்ற நிலை. சிகரெட் வரியும் அந்த வழியில் போய்விடக் கூடாது. புகையிலையால் வரும் நோயும் சாவும் 2017–18இல் நாட்டுக்கு 1,77,341 கோடி ரூபாய் இழப்பை உண்டாக்கியதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. புகையிலையில் கிடைத்த கலால் வரி அதில் எட்டில் ஒரு பங்குதான். லாபம் என்று நினைத்துக்கொண்டு நஷ்டத்தில் கடை நடத்துகிறோம்.

"ஊரெல்லாம் சிகரெட்டை விட்டால் நம்ம தீப்பெட்டியை யார் வாங்குவது?" என்று எங்கள் தொழில்காரர்களே கேட்பார்கள். சமையலறையில் காஸ் லைட்டர் புகுந்தபின், கடைத்தெருத் தீப்பெட்டியை நம்பவேண்டியிருக்கிறது என்பது வியாபாரிகளின் குறை. அந்தக் குறை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தீப்பெட்டியை வீழ்த்த வந்தது புகைப்பதை விட்டவன் அல்லன். பத்து ரூபாய்க்கு வந்திறங்கிய பிளாஸ்டிக் லைட்டர். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடுத்தது. 2025 செப்டம்பரில் தீப்பெட்டிக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. நூறு ஆண்டு எத்தனையோ அடி வாங்கி நிமிர்ந்த தொழில், நம் பிள்ளைகளின் நுரையீரலை நம்பிப் பிழைக்கவேண்டிய கதியில் இல்லை. கோயிலில் கற்பூரம் ஏற்றவும், கார்த்திகை விளக்கு வைக்கவும், ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏற்றவும் நம் குச்சி இருக்கிறது.

உங்கள் கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒத்தக் குச்சி இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து. மாதம் 3,000, ஆண்டுக்கு 36,500. சிவகாசி அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்கள் கைக்கு வருகிற சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தங்கச்சி கல்லூரிக் கட்டணமா, அப்பாவின் கண் ஆபரேஷனா, எதை நீங்கள் ஊதித் தள்ளுகிறீர்கள் என்று தெரியும்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவர், அந்நாட்டு டாக்டர்களையே 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவை வெளியிட்டார். சிகரெட்டை விடாதவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய அந்தப் பத்தும். எந்தக் கடனுக்கும் இவ்வளவு தள்ளுபடி எந்த வங்கியும் தந்து நான் கேட்டதில்லை. உங்களில் பெரும்பாலோர் முப்பதைத் தொடவில்லை.

நிக்கோடினுக்கு உடம்பு படுத்தும் பாடு முதல் மூன்று நாலு நாள் கடுமையாக இருக்கும்; மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து கட்டைச் சட்டத்தில் குச்சி அடுக்கிய தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் நீங்கள். மூன்று வாரம் உங்களுக்குப் பெரிதல்ல. தனியாகப் பொறுக்கவேண்டும் என்றும் இல்லை. இன்று அண்ணாச்சி கடையில் ஒத்தக் குச்சி வாங்குகிறவர்கள், பெட்டியை ஒருமுறை கேட்டு வாங்கி அந்தப் படத்தின் பக்கத்தில் பாருங்கள். 1800-11-2356 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். புகையிலையை விட விரும்புகிறவர்களுக்காக அரசு நடத்துகிற தொலைபேசிச் சேவை அது. காசு பிடிக்காது. தமிழிலும் பேசலாம். கூப்பிடுங்கள்.